கீழிருந்து பார்க்கப்படும் தலைமை: ஈசி கம்பனியும் அதன் அதிகாரிகளும்

போரைக் காட்டும் திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் படைத்தலைமை என்றவுடன் கைவசம் வரும் காட்சி ஒன்று உண்டு. மேசையில் விரித்த வரைபடத்தின் மேல் குனிந்து நிற்கும் தளபதி ஓர் இடத்தை விரலால் சுட்டுவார். அடுத்த காட்சியில் நூற்றுக்கணக்கானோர் அந்த இடத்தை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள். 2001 செப்ரெம்பரில் அமெரிக்காவின் எச்பிஓ தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய, பத்து அத்தியாயங்கள் கொண்ட ‘பேண்ட் ஒஃப் பிரதர்ஸ்’ தொடரில் அந்த விரலை அரிதாகவே காண்கிறோம். அதன் கமெரா ஓடுகிறவர்களோடு ஓடுகிறது. அவர்கள் யாரைத் திரும்பிப் பார்க்கிறார்கள், யாருடைய குரலுக்குக் காத்திருக்கிறார்கள், யாருடைய குரல் கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையே பதிவு செய்கிறது. தலைமை பற்றி இத்தொடர் சொல்லும் அனைத்தும், நல்லதும் குறைபட்டதும், கமெரா நிற்கும் இந்த இடத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து.

தொடரின் நாயகர்கள் அமெரிக்காவின் 101ஆவது வான்வழி டிவிசனில், 506ஆவது பரசூட் காலாட்படை ரெஜிமென்டின் இரண்டாம் பற்றாலியனைச் சேர்ந்த ‘ஈசி’ கம்பனியினர். 1942இல் ஜோர்ஜியா மாநிலத்தின் தொக்கோவா முகாமில் பயிற்சியைத் தொடங்கி, 1944 ஜூன் 6 அதிகாலையில் நோர்மண்டியில் பரசூட் மூலம் இறங்கி, அதே ஆண்டு செப்ரெம்பரில் ஒல்லாந்திலும் டிசெம்பரில் பெல்ஜியத்தின் பாஸ்டோன் காடுகளிலும் போரிட்டு, போர் முடியும்போது ஒஸ்திரியாவை அடைந்தவர்கள் இவர்கள். ஸ்டீபன் அம்ப்ரோஸ் 1992இல் வெளியிட்ட வரலாற்று நூலை அடிப்படையாக வைத்து ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கும் டொம் ஹாங்ஸும் தொடரைத் தயாரித்தார்கள். அந்த நூல் பெரும்பாலும் உயிரோடிருந்த வீரர்களின் வாய்மொழியிலிருந்து எழுந்தது. தொடரிலும் அத்தியாயங்களின் தொடக்கத்தில் முதிய வீரர்கள் சிலர் நேரடியாகப் பேசுகிறார்கள். அவர்களுடைய பெயர்கள் கடைசி அத்தியாயம் வரை திரையில் காட்டப்படுவதில்லை. எனவே பேசுபவர் அதிகாரியா, சாதாரண சிப்பாயா என்பதை அறியாமலேயே நாம் அவரை நம்பத் தொடங்குகிறோம்.

திருகோணமலையிலிருந்து இத்தொடரைப் பார்ப்பவருக்கு இந்தப் பார்வைக் கோணம் கூடுதலாக உறைக்கும். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர் பிரட்றிக் கோட்டையின் வாசலைக் கடந்து, படைமுகாமை ஊடறுத்துச் செல்லும் வீதியால்தான் மலை ஏற வேண்டும். உட்துறைமுகத்தின் ஒரு பக்கம் கடற்படைக்கு உரியது; சீனன்குடாவில் விமானப்படைத் தளம். சீருடையும் சோதனைச் சாவடியும் எங்கள் ஊரில் மூன்று தலைமுறைகளின் அன்றாடக் காட்சி. ஆயினும் சீருடைக்குள் கட்டளை எப்படிப் பிறக்கிறது, அதை ஏற்பவன் மனதில் என்ன நடக்கிறது, அதைக் கொடுத்தவன் இரவில் உறங்குகிறானா என்பவை வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை. கட்டளையின் விளைவு மாத்திரம் வாசலுக்கு வந்து சேரும். அதனாலேயே இங்குள்ள இளையவர்கள் இத்தொடரைப் பார்த்துவிட்டுப் பேசும்போது துப்பாக்கிகளைப் பற்றிப் பேசுவதைவிட, ‘அந்தக் கப்டன் செய்தது சரியா’ என்று வாதிடுவதையே நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

வாதத்துக்குள் போகுமுன் படை அமைப்பைச் சற்று விளக்குவது உதவும். பயிற்சித் தொடக்கத்தில் ஈசி கம்பனியில் 140 சிப்பாய்களும் 7 அதிகாரிகளும் இருந்தார்கள். பல பிளட்டூன்கள் சேர்ந்தது கம்பனி. கம்பனிகள் சில சேர்ந்தது பற்றாலியன். பற்றாலியன்கள் சேர்ந்தது ரெஜிமென்ட். ரெஜிமென்டுக்குத் தலைவரான கேணல் தம் கீழுள்ள அனைவரையும் முகமறிய முடியாது. பிளட்டூன் தலைவரான லெப்டினன்டுக்குத் தம் ஆட்களைத் தெரியும், ஆனால் திட்டம் வகுக்கும் அதிகாரம் குறைவு. கம்பனித் தலைவர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்: மேலிருந்து வரும் கட்டளையில் ஒரு கிராமத்தின் பெயர் இருக்கும், அதை எந்தப் பையன் முதலில் வெளியே ஓட வேண்டும் என்ற முடிவாக மாற்றுகிறவர் அவர்தான். முகம் தெரிந்தவர்களை அனுப்ப வேண்டிய கடைசிப் பதவி அது. இத்தொடர் தன் பெரும்பகுதியை அந்தப் பதவியைச் சுற்றியே கட்டியிருப்பது தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை.

அந்தப் பதவியில் முதலில் நாம் சந்திப்பவர் கப்டன் ஹேர்பேர்ட் சோபல். அவரை டேவிட் ஷ்விம்மர் நடித்திருக்கும் விதத்தில் ஒரு கொடுங்கோலனின் நிழல் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே பயந்துபோன மனிதன் ஒருவனும் தெரிகிறான். சீருடையில் இல்லாத குறையைக் கண்டுபிடித்து வார இறுதி விடுமுறையைப் பறிப்பார். வயிறு நிறைய ஸ்பகெட்டி உண்ட வீரர்களை உடனடியாகக் குராஹீ மலைக்கு ஓட விடுவார். ஏறுவது மூன்று மைல், இறங்குவது மூன்று மைல். முழுச் சுமையோடு இரவு நடை நடக்கும்போது தண்ணீர்ப் போத்தலிலிருந்து ஒரு மிடறுகூடக் குடிக்கக் கூடாது என்பார். முடிவில் போத்தல்களைக் கவிழ்த்துப் பார்ப்பார். இவையெல்லாம் கொடுமையாகத் தெரிந்தாலும், ரெஜிமென்டிலேயே உடல் உறுதி மிக்க கம்பனி இதுதான் என்பதைக் கேணல் சிங்க் அவரிடமே பாராட்டிச் சொல்கிறார். சோபலை வெறுத்த வீரர்களிற் பலரும் பிற்காலத்தில் அந்தக் கம்பனியை உருவாக்கியவர் அவர்தான் என்பதை மறுக்கவில்லை. அவர்களை ஒன்றுசேர்த்தது அவர் மீதான பொதுவான வெறுப்பு என்பதும் அவர்களுடைய வாக்குமூலமே.

கண்டிப்பு அவருடைய பிரச்சினையாக இருக்கவில்லை. வெளிக்களப் பயிற்சியில் வரைபடத்தைப் பார்த்து வழி தெரியாமல் திகைப்பார்; அவசரத்தில் ஆட்களைத் திறந்த வெளிக்கு நடத்திச் செல்வார்; வேலிக்கு அப்பாலிருந்து மேலதிகாரியின் குரலில் ஒரு சிப்பாய் பகிடியாகக் கத்தியதை உண்மையான கட்டளை என்று நம்பிக் கம்பியை வெட்டச் சொல்வார். வீரர்கள் அஞ்சியது இதற்குத்தான். மலையில் ஓட வைத்தவரை மன்னிக்கலாம். தவறான வயலுக்குள் அழைத்துச் செல்பவரோடு விமானத்திலிருந்து குதிக்க முடியாது. தம் திறமையின்மையை அவரும் உள்ளூர உணர்ந்திருந்தார் என்பதைத் தொடர் நுட்பமாகக் காட்டுகிறது. அந்த உணர்வு அவரை மேலும் கற்கத் தூண்டவில்லை. கீழேயிருந்தவர்களிடம், குறிப்பாக லெப்டினன்ட் ரிச்சர்ட் வின்டர்ஸிடம், குற்றம் தேட வைத்தது.

1943 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தில் நடந்த மலசலகூடச் சம்பவம் இதன் உச்சம். குறித்த நேரத்தில் மலசலகூடங்களைப் பரிசோதிக்கவில்லை என்று சோபல் வின்டர்ஸ் மீது குற்றம் சாட்டுகிறார். நேரம் மாற்றப்பட்டது வின்டர்ஸுக்கு அறிவிக்கப்படவில்லை. சிறு தண்டனையை ஏற்றுக்கொண்டு போயிருக்கலாம். வின்டர்ஸ் இராணுவ நீதிமன்ற விசாரணையைக் கோருகிறார். இதைப் பார்த்த சார்ஜன்ட்கள் ஒன்றுகூடித் தங்கள் பதவிப் பட்டிகளைத் திருப்பி ஒப்படைப்பதாகக் கேணலுக்கு எழுதுகிறார்கள். போர்க்காலத்தில் இப்படிச் செய்வது கலகத்துக்கு நிகரான குற்றம். சுட்டுக்கொல்லப்படலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இங்கே கேணல் ரொபர்ட் சிங்க் எடுக்கும் முடிவை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் சார்ஜன்ட்களைக் கடுமையாகக் கண்டித்து, ஒருவரைப் பதவியிறக்கி, இன்னொருவரை வேறு கம்பனிக்கு மாற்றுகிறார். அதே கையோடு சோபலையும் அகற்றி, மருத்துவர்களுக்கும் மதகுருமாருக்கும் பரசூட் பயிற்சி அளிக்கும் பாடசாலை ஒன்றுக்கு அனுப்பிவிடுகிறார். ஒழுங்கு மீறலுக்குத் தண்டனையும் மீறியவர்கள் சுட்டிக்காட்டிய குறைக்குத் தீர்வும் ஒரே நாளில் கிடைக்கின்றன. யாருக்கும் முழு வெற்றி இல்லை. மேல்நிலைத் தலைமையை இத்தொடர் நேராகப் பார்க்கும் அரிய தருணங்களில் இது ஒன்று. சிங்க் பாத்திரத்தில் நடித்த டேல் டை அமெரிக்க மரைன் படையின் ஓய்வுபெற்ற கப்டன். நடிகர்களுக்கு இராணுவப் பயிற்சி அளித்தவரும் அவரே. அவருடைய உடல்மொழியில் இருக்கும் களைப்புக் கலந்த அதிகாரம் கற்றுக்கொண்டு நடித்ததாகத் தோன்றாததற்கு அது காரணமாயிருக்கலாம்.

வின்டர்ஸ் தலைமைக்கு வந்தது எவரும் திட்டமிட்டதன் விளைவன்று. சோபலுக்குப் பின் கம்பனியைப் பொறுப்பேற்ற லெப்டினன்ட் தோமஸ் மீஹன் சென்ற விமானம் நோர்மண்டியில் வீழ்ந்து அதிலிருந்த அனைவரும் இறந்துபோக, அவர் எங்கே என்றே தெரியாத காலைப்பொழுதில் பொறுப்பு வின்டர்ஸின் கைக்கு வருகிறது. பரசூட்டில் இறங்கும்போது அவருடைய துப்பாக்கிகூடத் தொலைந்திருந்தது. சில மணி நேரத்தில் பிரேக்கூர் என்ற பண்ணையருகே, அமெரிக்கப் படைகள் கரையிறங்கிய யூட்டா கடற்கரையை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்த நான்கு 105 மில்லிமீற்றர் பீரங்கிகளை மௌனிக்கச் செய்யும்படி கட்டளை கிடைக்கிறது. ஏறக்குறைய ஒரு டசின் ஆட்களோடு அவர் அதைச் செய்து முடித்தார். அதற்காக அமெரிக்க இராணுவத்தின் இரண்டாவது உயர்ந்த வீர விருது வழங்கப்பட்டது.

இந்தத் தாக்குதலைக் காட்டும் அத்தியாயத்தில் கவனிக்க வேண்டியது வேகத்தைவிட, அதற்கு முந்திய ஒரு நிமிடம். வேலி மறைவில் முழந்தாளிட்டு, இயந்திரத் துப்பாக்கி எங்கே வைக்கப்படும், யார் யார் பக்கவாட்டால் போவார்கள், எத்தனை வெடிமருந்து எடுத்துச் செல்ல வேண்டும் என்று வின்டர்ஸ் தணிந்த குரலில் விளக்குகிறார். எதிரிக்கு ஐம்பது பேர் இருக்கலாம் என்பதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. பதுங்கு கால்வாய் பீரங்கிகளை இணைக்கிறது; ஒன்றைப் பிடித்தால் அதே கால்வாய் வழியே அடுத்ததற்குப் போகலாம். நிலத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் பன்னிரண்டு பேர் போதும் என்பது சோபலின் வரைபடக் காட்சிகளுக்கு நேர் எதிரான விடை. தொடர் இதை ஒரு சொல்லாலும் சொல்லவில்லை. இரண்டு அத்தியாயங்களையும் அடுத்தடுத்து வைத்ததோடு நின்றுவிடுகிறது.

வின்டர்ஸின் தலைமையைப் புரிந்துகொள்ள எனக்கு அதைவிட உதவிய காட்சி மிகச் சிறியது. லெப்டினன்ட் பக் கொம்ப்டன் தம் ஆட்களோடு சூதாடியதை வின்டர்ஸ் கேள்விப்படுகிறார். சிப்பாய்கள் எல்லோரும் ஆடுவதுதானே, அவர்களோடு பழகத்தானே ஆடினேன் என்கிறார் கொம்ப்டன். ‘நீ வென்றிருந்தால்?’ என்று வின்டர்ஸ் கேட்கிறார். இவர்களிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளும் நிலையில் உன்னை ஒருபோதும் வைத்துக்கொள்ளாதே என்பது அவருடைய அறிவுரை. நாளைக்கு இதே ஆட்களிடம் உயிரைக் கேட்க வேண்டிவரும். அந்தக் கேள்விக்கு முன்னால் ஐந்து டொலரைக்கூட எடுத்திருக்கக் கூடாது. எங்கள் சமூகத்தில் பொறுப்பிலிருப்பவர்கள் ‘எல்லோரோடும் சமமாகப் பழகுகிறவர்’ என்ற பெயரைப் பெரிதாக மதிக்கிறார்கள். பழக்கத்துக்கும் கடமைக்கும் இடையில் இருக்க வேண்டிய இந்த இடைவெளியை இவ்வளவு சுருக்கமாக விளக்கிய காட்சி வேறொன்றை நான் பார்த்ததில்லை.

நல்ல தலைவருக்குக் கிடைக்கும் பரிசு பதவி உயர்வு. அந்த உயர்வு அவரை அவருடைய ஆட்களிடமிருந்து பிரிக்கிறது. தொடரின் நடுப்பகுதி இந்த முரணைத்தான் ஆராய்கிறது. 1944 ஒக்டோபரில் ஒல்லாந்தின் அணைக்கட்டு ஒன்றில் வின்டர்ஸ் தம் ஆட்களுக்கு வெகு முன்னால் தனியே ஓடி, எதிரே அமர்ந்திருந்த ஓர் இளம் ஜேர்மன் சிப்பாயைச் சுடுகிறார். அதற்குப் பின் அவர் பற்றாலியன் நிர்வாகத்துக்கு உயர்த்தப்படுகிறார். அந்த அத்தியாயத்தில் போர்க்களத்தையும் தட்டச்சுப்பொறியையும் மாறிமாறிக் காட்டுகிறார்கள். சுட்டவர் இப்போது அறிக்கை எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் அந்த இளைஞனின் முகம் திரும்பி வருகிறது. கட்டளை எழுத்தாக மாறும்போது எது விடுபட்டுப் போகிறது என்பதைக் கட்டளையிட்டவரின் கண்ணாலேயே நாம் பார்க்கிறோம்.

வின்டர்ஸ் மேலே போன சிறிது காலத்தில் ஈசி கம்பனிக்குத் தலைவராக வந்தவர் லெப்டினன்ட் நோர்மன் டைக். பாஸ்டோனைச் சுற்றியிருந்த காடுகளில் உறைபனியிலும் ஷெல் வீச்சிலும் கம்பனி கிடந்த வாரங்களில் அவர் அடிக்கடி காணாமற்போவார். எங்கேயோ நடந்துவிட்டு வருவார். எதையும் முடிவு செய்யாமல் ‘பார்ப்போம்’ என்பார். பங்கரை விட்டு வராதவர் என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. 1945 ஜனவரி 13 அன்று ஃபோய் கிராமத்தைத் தாக்கும்போது, திறந்த வெளியின் நடுவே அவர் நின்றுவிடுகிறார். தேங்கி நிற்பவர்கள்மீது எதிரி சுடுகிறான். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் வின்டர்ஸ் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தாமே ஓடப் பார்க்கிறார். கேணல் சிங்க் அவரைத் தடுக்கிறார். பற்றாலியனைப் பொறுப்பேற்றவருக்கு ஒரு கம்பனிக்காக ஓடும் உரிமை இல்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்கு ஓடுவதைவிடக் கூடுதலான மனவலிமை தேவைப்படலாம் என்பதை அந்தச் சில கணங்களில் வின்டர்ஸாக நடித்த டேமியன் லூயிஸின் முகம் காட்டுகிறது. திரும்பிப் பார்த்துக் கண்ணில் பட்ட லெப்டினன்ட் ரொனால்ட் ஸ்பியர்ஸை அனுப்புகிறார். ஸ்பியர்ஸ் டைக்கை விலக்கி, ஒரு நொடியில் புதிய கட்டளைகளைக் கொடுத்து, கிராமத்தின் மறுபக்கத்திலிருந்த மற்றக் கம்பனியோடு தொடர்பு ஏற்படுத்த ஜேர்மன் நிலைகளுக்கு ஊடாகவே ஓடி, அதே வழியால் திரும்பியும் வருகிறார்.

ஸ்பியர்ஸ் இத்தொடரின் மிகச் சங்கடமான பாத்திரம். போர்க்கைதிகளுக்குச் சிகரெட் கொடுத்துவிட்டுச் சுட்டுக் கொன்றார் என்ற வதந்தி அவரோடு கூடவே வருகிறது. அவர் அதை ஏற்பதுமில்லை, மறுப்பதுமில்லை. இத்தகைய பேச்சு ஒரு அதிகாரிக்குப் பயன்படும் என்பதை அவர் அறிந்திருக்கிறார் என்று கம்பனியின் முதற் சார்ஜன்ட் கார்வுட் லிப்டனோடு அவர் பேசும் காட்சி உணர்த்துகிறது. அச்சம் கலந்த வியப்பும் தலைமையின் ஒரு கருவியாகலாம் என்பதைத் தொடர் மறைக்காமல் காட்டுகிறது. ஆனால் வதந்தி உண்மையானால் அது போர்க்குற்றம் என்ற கேள்வியை அது வீரத்தின் பளபளப்புக்குள் புதைத்துவிடுகிறது. ஃபோய் ஓட்டத்தைக் கண்டு கைதட்டும் இளையவர்கள் அந்தக் கைதிகளையும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். போர் கடந்து வந்த ஊரில் இருந்துகொண்டு இதை இலேசாகக் கடக்க என்னால் இயலாது.

ஃபோய் தாக்குதல் வரும் அத்தியாயத்தை நமக்குச் சொல்லும் குரல் இந்த லிப்டனுடையது. அதிகாரி காணாமற்போன நாட்களில் பங்கர் பங்கராகப் போய், யாருக்குக் காலணி இல்லை, யார் பேசுவதை நிறுத்திவிட்டான், யாரைத் தனியே விடக் கூடாது என்று பார்த்துக்கொண்டவர் அவர். ஷெல் வீச்சில் தம் இரு நண்பர்கள் ஆளுக்கொரு காலை இழந்ததைப் பார்த்த கொம்ப்டன் உடைந்துபோகும்போது, அவரைக் கோழை என்று எவரும் சொல்லிவிடாதபடி காத்தவரும் லிப்டனே. கம்பனியின் தலைவர் யார் என்ற கேள்விக்கு வீரர்களிடம் விடை முன்பே இருந்தது. பதவிதான் தாமதமாக வந்தது. பெல்ஜியத்துக்குள் 145 பேராக வந்தோம், 63 பேராக வெளியேறுகிறோம் என்று அவர் கணக்குச் சொல்லும்போது, தேவாலயத்தில் அமர்ந்திருக்கும் வீரர்களின் நடுவிலிருந்து இல்லாதவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இங்கே நெடுநல்வாடையின் இறுதிப் பகுதி நினைவுக்கு வராமல் போகாது. குளிர்காற்று விளக்குச் சுடரை அலைக்கழிக்கும் நள்ளிரவில், பாசறையில் உறங்காத வேந்தன் சிலரோடு மட்டும் நடந்து காயம்பட்டவர்களைப் பார்க்கிறான். முன்னே செல்பவன் வேலால் சுட்டி ஒவ்வொருவராகக் காட்ட, நழுவும் மேலாடையை இடக்கையால் பற்றி, மறு கையை ஓர் இளம் வீரனின் தோளில் வைத்தபடி முகமலர்ச்சியோடு அவன் போகிறான். அரண்மனையில் அவனுக்காகத் தலைவி வருந்திக்கொண்டிருக்கிறாள். அவன் இங்கே இருக்கிறான். தலைவன் எங்கே இருக்கிறான் என்பதே தலைமையின் முதல் அளவுகோல் என்பதை நம் புலவர் வாகையின் ஆரவாரம் எதுவுமின்றிச் சொல்லிவிட்டார். எனினும் ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். நெடுநல்வாடையில் நாம் வேந்தனைப் பார்க்கிறோம். காயம்பட்டவன் வேந்தனை எப்படிப் பார்த்தான் என்பது பாட்டில் இல்லை. ஈசி கம்பனியின் கதை அந்தக் காயம்பட்டவனின் கண்ணிலிருந்து சொல்லப்படுகிறது.

அந்தக் கண்ணுக்கும் குறை உண்டு. தொடர் முடிவில் அல்பேர்ட் பிளைத் என்ற வீரர் காயத்திலிருந்து மீளாமல் 1948இல் இறந்ததாக அறிவிக்கப்படுகிறது. உண்மையில் அவர் குணமடைந்து, இராணுவத்தில் தொடர்ந்து சேவையாற்றி, 1967இல்தான் காலமானார். கூட இருந்தவர்கள் நல்லெண்ணத்தோடு நினைவிலிருந்து சொன்னது பிழையாக இருந்தது. ஒரு மனிதனின் இறப்பையே நினைவு பிழையாகப் பதிந்திருக்குமானால், ஒரு மனிதனின் குணத்தைப் பற்றிய நினைவை எவ்வளவு நிதானமாக ஏற்க வேண்டும்? டைக் வீரத்துக்கான வெண்கல நட்சத்திர விருது பெற்றவர். ஃபோய் தாக்குதலில் அவர் தோளில் காயம்பட்டிருந்தார் என்று கம்பனியின் மூத்த வீரர் ஒருவர் பிற்காலத்தில் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. திரையில் அவை எதுவும் இல்லை. சோபல் 1987இல் இறந்துவிட்டார். நூல் வந்தது 1992இல். ஆகவே ஒன்றுகூடல்களில் நினைவுகளைப் பகிர்ந்தவர்களின் தரப்பு முழுமையாகப் பதிவானது; அந்த ஒன்றுகூடல்களுக்கு வராதவரின் தரப்பு பதிவாகவே இல்லை. வின்டர்ஸின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவரை நேசித்தவர்களே சாட்சிகளாகவும் இருந்தார்கள் என்பதை மறந்து இத்தொடரைத் தலைமைப் பாடநூலாக வைத்துக்கொள்வது சரியாகாது.

கீழிருந்து பார்க்கும் கண்ணுக்கு எட்டாத இன்னொன்றும் உண்டு: மேல்மட்ட முடிவு. இதற்கு எங்கள் கரையிலேயே சான்று இருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையை நெருங்குவதைக் கண்டறிந்த பிரித்தானியக் கட்டளைப்பீடம், திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை 8ஆம் திகதி இரவே வெளியேறித் தெற்கே செல்லும்படி பணித்தது. மறுநாள் காலையில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. கப்பல்களை வெளியேற்றிய முடிவு சரியானது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் விமானங்கள் எதுவும் தன்னிடம் இல்லாமல் புறப்பட்டிருந்த ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல், தாக்குதல் ஓய்ந்தபின் திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக் கடலில் எதிரியின் கண்ணில் பட்டு, அன்று முற்பகலிலேயே மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் இறந்தார்கள். கப்பலின் தலைவர் ஒன்ஸ்லோவும் அவர்களுள் ஒருவர்.

அந்தக் கப்பலில் இருந்த மாலுமி ஒருவர் தலைமை பற்றிச் சாட்சி சொல்வதானால் ஒன்ஸ்லோவைப் பற்றித்தான் சொல்லியிருப்பார். வெளியேறு என்றும் திரும்பி வா என்றும் கட்டளையிட்டவர்களின் முகத்தை அவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஆராய்ந்து எடுத்த முடிவும் முந்நூறு பேரைப் பலிகொள்ளலாம். தவறான முடிவு அதிர்ஷ்டத்தால் வெற்றியாகலாம். கம்பனி மட்டத்தில் விளைவும் தலைவரின் தகுதியும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதாகத் தோன்றும். மேலே போகப்போக அந்த ஒட்டு கழன்றுவிடுகிறது. ஒல்லாந்தில் ஈசி கம்பனியை இறக்கிய மாபெரும் நடவடிக்கை ஏன் தோற்றது என்பதை இத்தொடர் ஓரிரு வாக்கியங்களில் கடந்து செல்வதற்கு இதுவே காரணம். அதன் கமெராவுக்கு அந்த உயரத்தில் நிற்க இடமில்லை. நிலாவெளி வீதியோரத்திலுள்ள பொதுநலவாயப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லிலும் பெயரோடு பதவியும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கற்களின் அளவு மட்டும் எல்லோருக்கும் ஒன்று. யாருடைய முடிவு யாரை அங்கே கொண்டுவந்தது என்பதைக் கற்களிலிருந்து படிக்க முடியாது.

மேல்மட்டமும் கீழ்மட்டமும் நேருக்கு நேர் மோதும் இடம் ஒன்று தொடரில் இருக்கிறது; எட்டாம் அத்தியாயம். 1945 பெப்ரவரி, பிரான்ஸின் ஹாகெனோ நகரம். ஆற்றுக்கு அப்பால் ஜேர்மனியர்கள். போர் முடியப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே இப்போது சாவது எவருக்கும் பொருளற்றதாகத் தெரிகிறது. கைதிகளைப் பிடித்துவரும்படி இரவு ரோந்து ஒன்று அனுப்பப்படுகிறது. கைதிகள் கிடைக்கிறார்கள், ஜக்சன் என்ற இளைஞன் தன் தோழர்களின் கண்முன்னே துடித்து இறக்கிறான். மகிழ்ந்துபோன கேணல் சிங்க் மறுநாளும் ரோந்து போகட்டும் என்கிறார்.

வின்டர்ஸ் ஆட்களை அழைத்துத் திட்டத்தை விளக்குகிறார். பிறகு, இன்றிரவு நன்றாக உறங்குங்கள், காலையில் ஆற்றைக் கடந்தோம், கைதி எவரும் கிடைக்கவில்லை என்று என்னிடம் அறிக்கை கொடுங்கள் என்கிறார். மலசலகூடப் பரிசோதனை நேரத்துக்காக இராணுவ நீதிமன்றத்தை எதிர்கொள்ளத் துணிந்த மனிதர், உண்மையைத் தவிர வேறெதையும் சொல்லாதவர் என்று ஏழு அத்தியாயங்களாக நமக்குக் காட்டப்பட்டவர், இங்கே தம் மேலதிகாரியிடம் பொய்யறிக்கை கொடுக்கிறார். கேணலோடு வெளிப்படையாக வாதிட்டிருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வாதிட்டுத் தோற்றால் ரோந்து போயிருக்கும். பொய் வெளிப்பட்டால் தண்டனை அவருக்கு மட்டும். ரோந்து போனால் விலை வேறொருவனுக்கு. இந்தக் கணக்கை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதைச் சொல்லத் தேவையற்ற அளவுக்கு அந்த அறையிலிருந்தவர்கள் அவரை அறிந்திருந்தார்கள்.

இருந்தாலும் இதை எளிதில் பொதுவிதியாக்க முடியாது. ஒவ்வொரு கம்பனித் தலைவரும் தமக்குப் பொருளற்றதாகப் படும் கட்டளைக்குப் பொய்யறிக்கை கொடுத்தால், கேணலின் மேசையிலுள்ள வரைபடம் முழுவதும் கற்பனையாகிவிடும். அந்தக் கற்பனையை நம்பி நகரும் பக்கத்துக் கம்பனி அழியக்கூடும். அந்த ஆற்றங்கரையில் அன்றிரவு அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதால்தான் நாம் வின்டர்ஸைப் போற்ற முடிகிறது. தொடர் இந்தச் சிக்கலை அவிழ்க்க முயலவில்லை. ரோந்து போகாத வீரர்கள் உறங்குகிறார்கள், அறிக்கை ஏற்கப்படுகிறது, அதே அத்தியாயத்தின் முடிவில் வின்டர்ஸ் மேஜராகப் பதவி உயர்கிறார்.